புத்தாண்டுக்குத் தாய்லாந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை நெருங்கும்போது எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு தாய்லாந்துக்குப் போய், அங்கே ஏப்ரலில் வரும் சொங்க்ரான் புத்தாண்டைக் கொண்டாடுவது பற்றியே இருக்கின்றன. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்துள்ளேன்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நால்வர் நாங்கள். இப்போது ஆளுக்கோர் ஊரில் வேலை பார்க்கிறோம். ஏப்ரலில் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. 12ஆம் தேதி பாங்காக், 13 பட்டாயா, 14 சியாங் மாய், 15 புக்கெட் என்று சொங்க்ரானை நான்கு ஊர்களில் பார்த்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். சரிவருமா?
— கோயம்புத்தூர் வாசகர்

நாளுக்கு ஓர் ஊர் என்ற திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களும் தாய்லாந்தில் அரசு விடுமுறை. பிழைப்புக்காகப் பாங்காக்கில் தங்கியிருப்பவர்கள் பெற்றோரைப் பார்ப்பதற்காக வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சொந்த ஊர்களுக்குத் திரும்பும் காலம் அது. ஓரிரு நாட்கள் முன்பிருந்தே இரயில்களிலும் தொலைதூரப் பேருந்துகளிலும் இடம் கிடைப்பது அரிது. விமானக் கட்டணம் ஏறிவிடும். சாலைகளில் நெரிசலும் விபத்தும் கூடும். அந்த நாட்களில் ஊர் ஊராக ஓடுகிறவர் புத்தாண்டின் பெரும்பகுதியைப் பேருந்து நிலையத்து நாற்காலியில்தான் கழிப்பார். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சொங்க்ரான் ஒரே நாளில் முடிந்துவிடும் விழா அன்று. ஒவ்வொரு நாளுக்கும் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஓர் ஊரில் முழுதாகத் தங்கினால்தான் அந்த வரிசை உங்களுக்குப் பிடிபடும்.

என்னைக் கேட்டால் அந்த ஓர் ஊர் சியாங் மாயாக இருக்கட்டும் என்பேன். மன்னர் மெங்ராய் 1296இல் நிறுவிய நகரம் அது. பழைய நகரத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள சதுர அகழி இன்றும் நீரோடு இருக்கிறது. ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் ஆலயங்கள், சந்துகளுக்குள் மலிவான விடுதிகள், நடுவே அந்த அகழி என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்திருப்பதால், ஐந்து நாட்களுக்கு ஒரு வாகனமும் ஏறாமல் விழா முழுவதையும் பார்த்துவிடலாம். 11ஆம் தேதிக்குள் போய்ச் சேருங்கள். 17ஆம் தேதிக்கு முன் கிளம்பாதீர்கள்.

பழைய லான்னா அரசின் வழக்கப்படி வட தாய்லாந்தில் புத்தாண்டு நான்கு நாட்கள் நடக்கிறது. 13ஆம் தேதி விடியற்காலையில் பழைய ஆண்டை விரட்டப் பட்டாசு வெடிப்பார்கள். வீட்டைக் கழுவுவார்கள், தலைக்குக் குளிப்பார்கள். அன்று பிற்பகல், 1345இல் தொடங்கப்பட்ட வாட் ப்ரா சிங் ஆலயத்தின் புத்தர் திருவுருவம் நகர வீதிகளில் ஊர்வலம் வரும். இருபுறமும் நிற்பவர்கள் சிறு கிண்ணங்களிலிருந்து வாசனை நீரை அதன்மேல் தெளிப்பார்கள். 14ஆம் தேதி இடைநாள். அன்று யாரையும் திட்டக் கூடாது, சண்டை போடக் கூடாது. மீறினால் ஆண்டு முழுவதும் அதுவே தொடரும் என்பது நம்பிக்கை. ஆற்று மணலைச் சுமந்து வந்து ஆலய முற்றத்தில் கொட்டிச் சிறு கோபுரங்களாகக் குவித்து, காகிதக் கொடிகளைக் குத்தி வைப்பதும் அன்றுதான். ஓராண்டு முழுவதும் ஆலயத்துக்கு வந்துபோனவர்களின் கால்களில் ஒட்டிக்கொண்டு வெளியேறிய மண்ணைத் திருப்பித் தருவதாக அதற்குப் பொருள். 15ஆம் தேதியே உண்மையான ஆண்டுப் பிறப்பு. அன்று பிக்குகளுக்கு உணவளித்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களை நீரூற்றி வணங்குவார்கள். 16ஆம் தேதி ஆண்டின் வாய் திறக்கும் நாள். வீட்டுக்கு வீடு பலாக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் வரும் ஆண்டு நன்றாக இருக்கும் என்பார்கள்.

பெரியவர்களின் கைகளில் ஊற்றும் அந்த நீரைத் தயாரிப்பதை ஒருமுறையாவது பக்கத்திலிருந்து பாருங்கள். நான் தங்கிய விடுதியில் உரிமையாளரின் தாயார் அதைச் செய்துகொண்டிருந்தார். உலர்ந்த காய்களைக் கரியடுப்பின் தணலில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, தோல் கறுத்து மணம் எழும்பியதும் அப்படியே வெள்ளிக் கிண்ணத்து நீரில் போட்டார். சில நிமிடங்களில் நீர் தேன் நிறமானது. மேலே உலர்ந்த பூக்களையும் மல்லிகை இதழ்களையும் தூவினார். ஒரு காயைக் கையில் வாங்கி முகர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலுக்கு அரைக்கும் அதே சீயக்காய். வட தாய்லாந்தில் அது தீட்டையும் தீவினையையும் கழுவும் பொருளாக மதிக்கப்படுகிறது. ஆண்டுப் பிறப்பன்று அது இல்லாத வீடு இல்லை.

போகும் வழி பற்றி: பாங்காக்கின் குருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து இரவு இரயில் வசதியானது. ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவு. மாலையில் ஏறினால் காலையில் இறங்கலாம். முன்பதிவு திறந்தவுடன் படுக்கை வசதிப் பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் காட்டுத் தீயும் வயல்வெளிகளை எரிப்பதும் சேர்ந்து கடும் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன. உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சில நாட்கள் சியாங் மாய் முன்வரிசைக்கு வந்துவிடும். உங்கள் நால்வரில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் புறப்படும் முன் காற்றின் தர அளவைப் பாருங்கள். மோசமாக இருந்தால் பயணத்தைத் தென்பகுதிக்கு மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

நடுத்தெருவில் நின்று தண்ணீர்த் துப்பாக்கியால் முன்பின் தெரியாதவர்களை நனைப்பதற்காகவே நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டுமா? ஒரு சமயத்தாரின் பண்டிகையை வெளியாட்கள் கூத்தாக்கிவிடுவது அந்த மக்களுக்கு வருத்தமாக இராதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உங்கள் கேள்வியிலுள்ள அக்கறையை மதிக்கிறேன், ஐயா. ஆனால் தெருவில் நீர் தெளித்து விளையாடுவது வெளிநாட்டினர் கொண்டுவந்து புகுத்தியதன்று. ஏப்ரல் வெயில் 38, 40 பாகையைத் தொடும் நாட்டில், மழைக்கு முந்தைய இந்த வேளையில் ஒருவரையொருவர் நனைப்பது தாய் மக்களின் சொந்த மகிழ்ச்சி. பாட்டிகள் வாசலில் வாளியோடு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். போகிறவர் வருகிறவர் முதுகில் அரைக் குவளை நீரை மெல்ல ஊற்றிவிட்டு வாழ்த்துச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சொங்க்ரானை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது இந்த விளையாட்டும் அதன் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

வருத்தம் எங்கே வருகிறதென்றால், வந்தவர்கள் அந்த விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்போதுதான். பாங்காக்கின் காவ் சான் சாலையில் மூன்று நாட்களும் இசை அலற, பீர்க் குப்பியோடு நின்றுவிட்டு, பெரியவர் ஒருவரின் கையில் ஒரு துளி நீரும் ஊற்றாமல் திரும்புகிற பயணிகள் ஏராளம். அவர்களும் மகிழ்ச்சியாகத்தான் திரும்புகிறார்கள். ஆயினும் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அழைக்கப்பட்டு, வீட்டாரைப் பார்க்காமலே பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய விருந்தாளிகளின் நிலை அது. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவிர்ப்பது மிக எளிது. காலை ஆலயத்துக்கு, பிற்பகல் தெருவுக்கு என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஆலயத்துக்குள் பௌத்தர் அல்லாதவர் நீராட்டலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். முற்றத்தில் திருவுருவங்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் வாசனை நீரும் கிண்ணமும் வைத்திருப்பார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்; காலணியைக் கழற்றுங்கள்; திருவுருவத்தின் தலையில் ஊற்றாமல் மார்பிலும் உடலிலும் சிறிதளவு ஊற்றிக் கும்பிடுங்கள். பெரியவர்களுக்கு என்றால், அவர்கள் அமர்ந்திருக்க நீங்கள் தாழ முழந்தாளிட்டு, குவித்த உள்ளங்கைகளில் ஊற்ற வேண்டும். அவர்கள் அந்த நீரையே உங்கள் தலையில் தடவி வாழ்த்துவார்கள். விடுதி நடத்துபவரின் வீட்டுப் பெரியவரிடம் இதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வதில் கூச்சப்பட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலில் விழுந்து வளர்ந்தவர்கள்தாமே.

தெருவிலும் சில வரம்புகள் உண்டு. பிக்குகள், முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஓடும் வண்டியில் இருப்பவர்கள் ஆகியோர்மேல் நீர் அடிக்கக் கூடாது. பொழுது சாய்ந்ததும் பெரும்பாலான இடங்களில் விளையாட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு காய்ந்த உடையோடு உணவுக்குப் போகிறவரை நனைப்பது முரட்டுத்தனமாகவே எடுத்துக்கொள்ளப்படும். வெண்ணிறச் சுண்ணக் களிமண்ணைக் குழைத்துக் கன்னத்தில் பூசும் வழக்கமும் உண்டு. முன்பின் தெரியாதவரின் முகத்தைத் தொடும் முன் கண்ணால் அனுமதி கேட்பதே பண்பு.

என் மகள் தன் தோழிகள் மூவரோடு சொங்க்ரானுக்குப் போகப் பதிவு செய்துவிட்டாள். தடுக்க மனமில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை. நான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?
— ஒரு தாய், மதுரை

கேள்வியை இப்படிக் கேட்டதற்கு நன்றி, அம்மா. பதில் சொல்வதும் எளிதாகிறது. நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது சாலைக்கு. விழாவை ஒட்டிய வாரத்தை அந்நாட்டு அரசே ‘ஏழு ஆபத்தான நாட்கள்’ என்று அறிவித்துக் கண்காணிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு வாரத்தில் 200 பேருக்கு மேல் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். வேகமும் குடியும் முதன்மைக் காரணங்கள். விபத்தில் சிக்குபவை பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள். ஈரச் சாலையில் ஓட்டிக்கொண்டு வருபவரின் முகத்தில் எதிர்பாராமல் ஒரு வாளி நீர் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே 12 முதல் 16 வரை ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதில்லை என்று மகளிடம் வாக்கு வாங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் எடுப்பதானாலும், இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுக்கொண்டு போக வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

அடுத்தது கூட்ட நெரிசலில் தொடுவது, உரசுவது. இது அங்கும் நடக்கிறது. தாய்லாந்துப் பெண்களே ஆண்டுதோறும் இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். நனைந்தாலும் உடலோடு ஒட்டாத, சீக்கிரம் உலரும் அடர்நிற உடையாக இருந்தால் அவர்களுக்கே வசதி. ஆனால் உடை எப்படி இருந்தாலும் தவறு தொட்டவனுடையது என்பதையும், உரக்கக் கத்தி விலகுவதில் வெட்கமில்லை என்பதையும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். மருத்துவ அவசரத்துக்கு 1669. இவ்விரண்டையும் கைபேசியில் மட்டும் வைத்திராமல் ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். விழா நாட்களில் கைபேசி நீர்புகாப் பைக்குள் இருக்கும், அழைப்பு மணி கேட்காது, திரை நனைந்து விரல் வேலை செய்யாது. அதனால் பிரிந்துபோனால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைக் காலையிலேயே முடிவு செய்வது அவசியம். சியாங் மாயின் பழைய நகர வாயிலான தாபே வாயில் என்று சொன்னால் போதாது, அங்கேதான் கூட்டமே. அதிலிருந்து விலகிய ஓர் ஆலய வாசல் நல்லது.

கண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். சியாங் மாயில் பலர் அகழி நீரையே மொண்டு ஊற்றுவார்கள். அது சுத்தமான நீரன்று. கண்ணாடி அணியலாம், வாயில் புகாமல் பார்த்துக்கொள்ளலாம், அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். மின் சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். தோழிகளில் யாரும் விளையாட்டாகக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

எதற்குப் பயப்பட வேண்டாம் என்றால், நான்கு பெண்கள் சேர்ந்து தனியாகப் பயணம் செய்வதற்கு. பல பத்தாண்டுகளாகத் தனித்துப் பயணிக்கும் பெண்கள் வந்துபோகும் நாடு அது. பெண்களுக்கென்று தனிக் கூடங்கள் உள்ள விடுதிகள் உண்டு, இரவு இரயிலிலும் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி உண்டு. அப்பெட்டியில் இடம் கேட்டு முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஜனவரி 1ஐயும் கொண்டாடுகிறார்கள், ஏப்ரலிலும் கொண்டாடுகிறார்கள். தாய்லாந்துக்கு எதுதான் புத்தாண்டு?
— திருநெல்வேலி வாசகர்

ஆண்டுக் கணக்குக்கு ஜனவரி 1, மனத்துக்கு ஏப்ரல் என்று சொல்லலாம். சூரியன் மேட இராசியில் நுழைவதை ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளும் கணக்கு இந்தியாவிலிருந்து போனது. நமக்கும் இலங்கைக்கும் மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் ஏப்ரல் நடுவில் புத்தாண்டு வருவது அதனால்தான். மன்னர் சுலாலொங்கோர்ன் 1889இல் ஏப்ரல் 1ஐ அரசின் ஆண்டுத் தொடக்கமாக்கினார். பிறகு 1941 முதல் அது ஜனவரி 1ஆக மாறியது. அதற்காக அதற்கு முந்தைய ஆண்டை ஏப்ரலில் தொடங்கி டிசம்பரோடு ஒன்பதே மாதங்களில் முடித்துவிட்டார்கள். ஆண்டின் எண் மட்டும் பௌத்த சகாப்தத்திலேயே நிற்கிறது. நம் 2026 அங்கே 2569. பயணச்சீட்டிலோ மருந்துப் பெட்டியிலோ அந்த எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். நண்பர்கள் எல்லாம் சாப்பிடுவார்கள். என்னால் அங்கே சமாளிக்க முடியுமா?
— கும்பகோணம் வாசகி

முடியும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சொல் ‘ஜே’. சீன பௌத்த வழக்கத்தில் வந்த இந்த உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது; பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துகள் தெரியும் கடைகளில் அது கிடைக்கும். ‘மங்சவிரட்’ என்று கேட்டால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் முட்டை வரலாம். சாதாரணக் கடையில் காய்கறிப் பொரியல் கேட்டால் அதில் மீன் சாறும் இறால் விழுதும் சிப்பிச் சாறும் இருக்கும். அவற்றைத் தனித்தனியாகச் சொல்லித் தவிர்க்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அவை உப்பைப்போல, ‘அசைவம்’ என்ற எண்ணமே வராது.

விழா நாட்களில் சிக்கல் வேறு. சிறு உணவகம் நடத்துகிறவர்களும் ஊருக்குப் போய்விடுவதால் 13 முதல் 16 வரை பல கடைகள் மூடியிருக்கும். செவன் இலெவன் கடைகள் திறந்திருக்கும் என்றாலும் அங்கே சைவம் குறைவு. பழம், ரொட்டி, வறுத்த கடலை ஆகியவற்றை 12ஆம் தேதியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாம்பழக் காலம். தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோற்றோடு மாம்பழத்துண்டுகளைத் தருவார்கள், தயக்கமின்றிச் சாப்பிடலாம். இந்தப் பருவத்துக்கே உரிய இன்னோர் உணவு ‘காவ் ச்சே’: மோன் இன மக்களிடமிருந்து அரண்மனைக்குப் போனதாகச் சொல்வார்கள். கழுவி வடித்த சோற்றை மல்லிகை மணம் ஏற்றிய குளிர்நீரில் போட்டுத் தருவது. நீரில் கிடக்கும் சோறு நமக்குப் புதியதன்று. ஆனால் பக்கத்தில் வரும் உருண்டைகள் இறால் விழுதில் செய்தவை, அவற்றை நண்பர்களுக்குத் தந்துவிடுங்கள்.

சென்ற முறை ஐந்து பேர் வெளிநாடு போனோம். திரும்பி வரும்போது மூன்று பேர் பேசிக்கொள்ளவில்லை. காரணம் பணமும், யார் எங்கே போவது என்பதும். இந்த முறை எப்படித் தவிர்ப்பது?
— சேலம் வாசகர்

பாங்காக்கில் இறங்கிய முதல் நாளே ஆளுக்குச் சமமான தொகையைத் தாய்லாந்து நாணயமான பாட் ஆகப் போட்டு ஒரு பொதுப் பணப்பை வையுங்கள். அறை, பொதுவாகச் சாப்பிடும் உணவு, வண்டிக் கூலி ஆகியவை அதிலிருந்து. மது, மசாஜ், பரிசுப் பொருள் ஆகியவை அவரவர் கணக்கு. குடிக்காதவர் குடித்தவரின் கட்டணத்தில் பங்கு தருவதே பெரும்பாலான கசப்பின் தொடக்கம் என்பதைப் பல கடிதங்களில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு அட்டையில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள வங்கி இயந்திரங்கள் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், ஐவரும் தனித்தனியாக எடுக்காமல் ஒருவர் மொத்தமாக எடுப்பது நல்லது.

எங்கே போவது என்பதில் எல்லாரும் எல்லா நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஒருவருக்கு நள்ளிரவு வரை ஆட்டம் பிடிக்கும். ஒருவர் ஒன்பது மணிக்கே தூங்க விரும்புவார். காலையில் ஆலயத்துக்குச் சேர்ந்து போவது, பிற்பகல் அவரவர் விருப்பம், இரவு உணவு மீண்டும் ஒன்றாக என்று வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 14ஆம் தேதி சண்டை போடக் கூடாது என்ற லான்னா வழக்கத்தையும் உங்கள் குழுவின் விதியாக ஏற்றுக்கொள்ளலாம். உண்மையாகவே சொல்கிறேன், வெயிலும் களைப்பும் உச்சத்தில் இருக்கும் நாள் அது.

சொங்க்ரானோடு லாவோசின் புத்தாண்டையும் சேர்த்துப் பார்க்க இயலுமா?
— புதுச்சேரி வாசகர்

இரண்டும் ஒரே நாட்களில் வருவதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அமைதியான விழாவை விரும்பும் சிறு குழு என்றால் லாவோசின் லுவாங் பிரபாங்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. மேக்கொங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் முனையில் இருக்கிறது. அங்கே அரசு விடுமுறை ஏப்ரல் 14 முதல் 16 வரை என்றாலும் சடங்குகள் அதற்குப் பிறகும் தொடரும். ஊருக்குப் பெயர் தந்த பிரபாங் என்னும் 83 சென்டிமீட்டர் உயரப் புத்தர் திருவுருவம் அரண்மனை அருங்காட்சியக வளாகத்திலிருந்து பக்கத்திலுள்ள வாட் மாய் ஆலயத்துக்கு எழுந்தருளும். மக்கள் அதன்மேல் நேரடியாக நீர் ஊற்றுவதில்லை. நாக வடிவில் குடைந்த நீண்ட மரத் தொட்டியின் வாலில் ஊற்றினால், நீர் உடல் வழியே ஓடி நாகத்தின் வாயிலிருந்து திருவுருவத்தின்மேல் விழும்.

ஊர்வலத்தில் ஏழு பெண்கள் வருவார்கள். விடுகதைப் போட்டியில் தோற்றுத் தன் தலையை இழந்த கபில பிரம்மனின் புதல்வியர் அவர்கள். அந்தத் தலை நிலத்தில் விழுந்தால் உலகம் எரியும், கடலில் விழுந்தால் கடல் வற்றும், வானில் எறிந்தால் மழை பொய்க்கும். அதனால் ஆண்டுக்கு ஒருத்தியாக அதை ஏந்தி வலம் வருகிறார்கள். புத்தாண்டு எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமைக்குரிய மகளே அவ்வாண்டின் தலைவி. இக்கதை தாய்லாந்திலும் உண்டு. வீடுகளில் நடக்கும் பாசி சடங்குக்கு உங்களை அழைத்தால் போங்கள். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துவார்கள், அதை உடனே அறுத்துவிடக் கூடாது.

போவதற்கு மூன்று வழிகள். லாவோசின் தலைநகர் வியந்தியானிலிருந்து 2021 டிசம்பரில் தொடங்கிய இரயிலில் இரண்டு மணி நேரம் போல ஆகும். சியாங் மாய்ப் பக்கத்திலிருந்து என்றால் சியாங் கோங்கில் நட்புப் பாலத்தைக் கடந்து ஹுவாய் சாயில் படகேறி, வழியில் பாக்பெங் என்ற ஊரில் ஓர் இரவு தங்கி, இரண்டு பகல் மேக்கொங்கில் மிதந்து போகலாம். விமானமும் உண்டு. எதுவானாலும் 12ஆம் தேதிக்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு லாவோஸ் விசா தேவை. இணைய வழியிலும் எல்லையிலும் பெறலாம். தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தது; இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தாய்லாந்தில் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையையும் இலவசமாக நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் போலியானவை.

ஏப்ரல் 14 நமக்கும் ஆண்டுப் பிறப்பு. அன்று வீட்டில் இல்லாமல் இருப்பது இதுவே முதல் முறை. அங்கே கோயிலும் மாங்காய்ப் பச்சடியும் கிடைக்குமா?
— சென்னை வாசகி

பாங்காக்கில் இருப்பீர்களானால் கோயில் உண்டு. சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில், 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று நம்மவர்களைவிடத் தாய் மக்களே அதிகமாக மாலையும் தட்டும் ஏந்தி வருகிறார்கள். சொங்க்ரானன்று பாங்காக்கில் மிகப் பெரிய நீர் விளையாட்டுக் கூட்டம் கூடும் இடங்களில் அந்தச் சீலோம் சாலையும் ஒன்று என்பதால், வெயில் ஏறும் முன் போய் வணங்கிவிட்டு வாருங்கள். பிற்பகலில் சொட்டச் சொட்ட நனைந்து கோயிலுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

சியாங் மாயில் இருந்தால் பச்சடியை நீங்களே செய்துவிடலாம். வாரோரோட் சந்தையில் பச்சை மாங்காய், பனை வெல்லம், மிளகாய், உப்பு, புளி எல்லாம் கிடைக்கும். தாய் மக்களும் வேப்பம் பூவையும் கொழுந்தையும் உண்கிறார்கள்; ஆனால் அதன் பருவம் குளிர்காலம், ஏப்ரலில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பல விடுதிகளில் தங்குபவர்கள் சமைத்துக்கொள்ளச் சிறு அடுக்களை உண்டு. அறை பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தைக்கு 12ஆம் தேதி காலையிலேயே போய்விடுங்கள். 13ஆம் தேதி அந்தப் பக்கத்துத் தெருவில் கால் வைத்தால் வெல்லம் கரைந்துதான் வீடு வந்து சேரும்.